ஒன்றரை சென்டிமீட்டர்

வெட்டும் மேஜையில் அளந்தால் சட்டையின் நீளம் எழுபத்திரண்டு சென்டிமீட்டர். அதே சட்டையைத் தைத்து, இஸ்திரி போட்டு, பெட்டிக்குள் வைக்கும் முன் அளந்தால் எழுபதரை. தையலுக்கும் கீழ் மடிப்புக்கும் விட்ட துணியைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன். மேஜையிலிருந்து பெட்டிக்குப் போகும் இருபதடி தூரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

எல்லாச் சட்டையிலும் காணாமல் போயிருந்தால் எனக்குக் கவலையே இல்லை. ஒன்றரை கூட்டி வெட்டச் சொல்லியிருப்பேன், கதை முடிந்திருக்கும். சில சட்டைகளில் போனது, சில சட்டைகளில் போகவில்லை. ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே துணி. இரண்டை எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் அண்ணனும் தம்பியும் மாதிரி இருக்கும்.

நாங்கள் தைப்பது ஒரு மருத்துவமனையின் ஊழியர்களுக்கான சட்டை. காலர் வைத்த, பனியன் துணிச் சட்டை. அங்கே கொள்முதல் பார்க்கும் அம்மாள் கோபப்பட்டுப் பேசத் தெரியாதவர். அதனால் அவர் சொல்வது கூடுதலாக வலிக்கும்.

"கையைத் தூக்கினா வயிறு தெரியுதாம் மேடம். நர்ஸ் கையைத் தூக்காம எப்படி வேலை பாக்கறது? அடுத்த அறுநூறும் இப்படியே வந்தா, நாங்க வேற எடம்தான் பாக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது? அளவு குறைந்தால் வாங்க மாட்டார்கள்.

எங்கள் பட்டறை பெரியதல்ல. பதினோரு தையல் மெஷின், ஒரு நீளமான மேஜை, மூன்று ஜன்னல். துணி வாங்குவது, ஆர்டர் பிடிப்பது, எந்த வேலை எப்போது என்று அட்டவணை போடுவது எல்லாம் நான். சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் கணவர். வெட்டுவது அவருடைய அக்கா. வீட்டில் நான் அவரை அண்ணி என்பேன், பட்டறையில் எல்லோரையும் போல மாஸ்டர். அவருக்கு என் மேல் கோபம் வந்தால் மட்டும் நான் 'மேடம்' ஆகிவிடுவேன். மற்றபடி 'ஏம்மா'தான்.

அண்ணி வெட்டுவதைப் பார்க்க எனக்கு இன்னும் சலிக்கவில்லை. ரோலில் வரும் துணியை மேஜை நீளத்துக்கு இழுத்து விரிப்பார்கள். அதன் மேல் இன்னொன்று, இன்னொன்று என்று நாற்பது அடுக்கு. அதுதான் ஒரு விரிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே சட்டையின் பாகங்கள் வரைந்த தாளை ஒட்டிவிட்டு, நிமிர்ந்து நிற்கும் மின்சாரக் கத்தியைக் கோட்டின் மேல் ஓட்டுவார். ஒரு ஓட்டத்தில் நாற்பது கை, நாற்பது முதுகு. மேல் அடுக்குக்கும் அடி அடுக்குக்கும் ஒரு நூல் வித்தியாசம் இருக்காது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கத்தியைத் தொட மாட்டார். ஐந்து மணிக்கு விரித்து முடித்த துணி இருந்தால், "நாளைக்குக் காலையில வெட்டிக்கலாம்" என்று போர்வையைப் போட்டு மூடிவிட்டுப் போவார்.

காணாமல் போன ஒன்றரை சென்டிமீட்டரை முதலில் இஸ்திரியில் தேடினோம். நீராவி பட்டால் துணி சுருங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. இஸ்திரி போடாத சட்டைகளை அளந்தேன். அவையும் குறைந்திருந்தன. அடுத்து தையல். மூலை மெஷினில் உட்காருகிற ஒரு தையற்காரப் பெண்மணி இருக்கிறார், அவரை எல்லோரும் ரேடியோ என்பார்கள். அவர் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. "நாங்க தைக்கறதுல சுருங்கினா தோள்ல சுருங்கும், பக்கத்துல சுருங்கும். நீளம் எப்படி மேடம் போகும்? துணிய நாங்க கடிச்சா தின்னோம்?" என்றார். நியாயம்தான்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. புரியாத விஷயத்துக்குக் கட்டம் போட்டு எழுதிப் பார்ப்பேன். இதற்கு முன் பதினான்கு வருடம் ஒரு கூரியர் நிறுவனத்தில் வண்டிகளுக்கு நேர அட்டவணை போட்டவள் நான். என் கணவர் இன்றைக்கும் என்னை ஸ்டாப்வாட்ச் என்றுதான் சொல்வார். வெட்டிய துண்டுகளைக் கட்டிவைக்கும் ஒவ்வொரு கட்டிலும் என்றைக்கு, எத்தனையாவது விரிப்பு என்று ஒரு சீட்டு இருக்கும். இரண்டு வாரத்துச் சீட்டுகளையும் சட்டை அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன்.

எழுதி முடித்ததும் தெளிவாகத் தெரிந்தது. காலையில் முதலில் வெட்டியவை எல்லாம் சரியான அளவு. அதற்குப் பிறகு அன்றைக்கு வெட்டியவை எல்லாம் குறைவு.

கட்டத்தை என் கணவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"அக்காவுக்கு அம்பத்திரண்டு ஆச்சு. காலையில கை ஃப்ரெஷ்ஷா இருக்கும். போகப் போக அசந்துபோகும்ல?"

"புதுக் கண்ணாடி வேற போட்டிருக்காங்க."

"நீ சொல்லு."

"உங்க அக்கா. நீங்க சொல்லுங்க."

"அவங்க எனக்கு அக்கா. உனக்கு மாஸ்டர். இது மாஸ்டர் விஷயம்" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கட்டத்தில் ஒரு இடம் உதைத்தது. திங்கட்கிழமைகளில் மட்டும் காலையில் முதலில் வெட்டியதும் குறைவாக இருந்தது. ஞாயிறு முழுக்க ஓய்வெடுத்துவிட்டு வந்த கை திங்கள் காலையில்தான் மிகத் தெளிவாக இருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? ஒரு நாள் சும்மா இருந்த கைக்கு மறுபடி பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்று நானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து, அந்த ஓட்டையை அடைத்துவிட்டேன். ஒரு முடிவுக்கு வந்துவிட்ட பிறகு, அதற்கு ஒத்துவராத ஒன்று எதிரில் வந்து நின்றால் மனசு எவ்வளவு வேகமாக ஒட்டுப்போடுகிறது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். வியாபாரத்தில் நான் செய்த பெரிய தப்புகள் எல்லாம் விஷயம் தெரியாமல் செய்தவை அல்ல, இந்த மாதிரி ஒட்டுப்போட்டுச் செய்தவை.

மறுநாள் டீ நேரத்தில் அண்ணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாஸ்டர், மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கறீங்களா? விரிக்கறத மட்டும் பாத்துக்கங்க. வெட்டறதுக்கு இன்னொரு ஆள..."

"எதுக்கு?"

"இல்ல, நாள் பூரா நின்னுட்டே இருக்கீங்க."

"முப்பது வருஷமா நின்னுட்டுதான் இருக்கேன். நேராச் சொல்லு."

சொன்னேன். கட்டம் போட்ட தாளையும் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். படித்து முடித்ததும் தாளை நான்காக மடித்து என் கையில் கொடுத்தார்.

"என் கத்தி காலையில ஒரு மாதிரி, மத்தியானம் ஒரு மாதிரி ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க. நல்லா எழுதியிருக்கீங்க மேடம்."

"அண்ணி, நான் அப்படிச் சொல்லல."

"அண்ணி வீட்ல. இங்க மாஸ்டர்." டம்ளரைக் கீழே வைத்தார். "ரெண்டு தெரு தள்ளிப் புதுசா வந்திருக்கற கம்பெனியில நாலு தடவ கூப்பிட்டுட்டாங்க. தம்பி பட்டறை இருக்கறப்ப எதுக்குன்னு சும்மா இருந்தேன். இந்த அறுநூறையும் முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன். உறவு வீட்டோட இருக்கட்டும். வேலையிலயும் அதையே இழுத்தா ரெண்டும் கிழிஞ்சிடும்."

குரலை உயர்த்தவே இல்லை. எழுந்து போய் மேஜைத் துணியைத் தடவிச் சரிசெய்தார்.

அவர் போய்விட்டால் வெட்டுவதற்கு வேறு ஆள் கிடைக்கலாம். ஆனால் அவர் இப்படிப் போனால், இந்தத் தாளோடு போனால், வீட்டில் அவர் என்னை 'ஏம்மா' என்று கூப்பிடும் நாள் திரும்ப வராது என்று எனக்குத் தெரிந்தது. அறுநூறு சட்டையும் அந்த வாரத்துக்குள் தைத்து முடிந்தாக வேண்டும். ஆக, எனக்கு இருந்தது ஒரு வாரம்.

அடுத்து நான் செய்தது பெருமையான காரியமில்லை. அவர் சாப்பிடப் போன நேரத்தில், அவர் அப்போதுதான் வெட்டி வைத்த கட்டை அவிழ்த்து அளந்தேன். எந்த அடுக்கில் கத்தி சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், ஆதாரத்தோடு மெதுவாகப் பேசலாம் என்பது என் கணக்கு. மேல் அடுக்கு எழுபத்திரண்டு. நடு அடுக்கு எழுபத்திரண்டு. அடி அடுக்கு எழுபத்திரண்டு. மணி பன்னிரண்டரை. அன்றைக்கு இரண்டாவதாக வெட்டிய கட்டு அது. என் கட்டத்தின்படி குறைந்திருக்க வேண்டிய கட்டு.

மூன்று துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய் என் அறையில் என் மேஜையில் வைத்தேன். பிறகு போன் வந்தது, இன்னொரு போன் வந்தது, அதை மறந்தே போனேன். நாலு மணிக்குத் திருப்பி வைக்கலாம் என்று எடுத்தபோது, சும்மா ஒரு தடவை டேப்பை வைத்துப் பார்த்தேன். எழுபத்தொன்று கூட இல்லை. வேறு டேப்பை எடுத்து அளந்தேன். அதுவும் அதையே சொன்னது.

"என் வெட்டை அளக்கறீங்களா?"

வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். மூன்று துண்டு குறைவதைப் பார்த்துவிட்டுத் தேடி வந்திருக்கிறார்.

"ஆமா" என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? "சாப்பாட்டு நேரத்துல அளந்தேன். மூணும் எழுபத்திரண்டு, கச்சிதமா இருந்துச்சு. இப்ப அளந்தா எழுபதே முக்கால்."

"குடுங்க இப்படி."

அவரே அளந்தார். ஒவ்வொன்றையும் இரண்டு முறை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் முறை அளந்தார்.

"இதை யார் தொட்டது?"

"யாரும் தொடல. இங்கயேதான் கிடந்துச்சு."

"அப்ப துணி தானா நடந்து போச்சா?"

"அப்படித்தான் தெரியுது."

அவர் என் எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து பார்த்துப் பல வாரம் ஆகியிருந்தது. "சரி, நாளைக்குக் காலையில மொத விரிப்பு வெட்டினதும் அதுலயும் மூணு எடுத்து இங்க போடு. மணிக்கு ஒருதடவ அளப்போம். பாக்கலாம், அதுக்கும் கால் இருக்கான்னு." 'மேடம்' இல்லை என்பதை நான் கவனித்தேன், அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை முதல் விரிப்பின் துண்டுகள் எட்டரைக்கு என் மேஜைக்கு வந்தன. எழுபத்திரண்டு. ஒன்பதரைக்கும் எழுபத்திரண்டு. மதியம் எழுபத்திரண்டு. அது நகரவே இல்லை. பக்கத்திலேயே இரண்டாம் விரிப்பின் துண்டுகளையும் வைத்தோம். முதல் ஒரு மணி நேரத்திலேயே அரை சென்டிமீட்டர் போய்விட்டது. ரேடியோ வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், துணிக்கு பிரஷர் பாக்கறீங்களா?"

"உனக்குப் பாக்கணும் மொதல்ல. போய் உக்காரு."

நான் ஜன்னல் பக்கம், வெயில், ஈரம் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணி என்னைக் கையமர்த்தினார்.

"இரும்மா. மொத விரிப்புக்கும் மத்ததுக்கும் என்ன வித்தியாசம்? வெட்டற நேரம் இல்ல. மொத விரிப்ப நான் காலையில விரிக்கறதே இல்ல. மொத நாள் சாயங்காலம் விரிச்சு மூடி வெச்சிட்டுப் போறேன். ராத்திரி பூரா அது மேஜையிலயே கிடக்குது. மத்தத விரிச்ச கையோட வெட்டிடறேன்."

எனக்கு உடனே திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. திங்கட்கிழமைதான் புதுத்துணி வண்டி வரும். சனிக்கிழமை மேஜையைக் காலி செய்துவிட்டுப் போவதால் திங்கள் முதல் விரிப்பு அன்று காலையில் விரித்தது. ராத்திரி கிடக்காதது. நான் ஒட்டுப்போட்டு அடைத்த ஓட்டை தானாகவே மூடிக்கொண்டது.

பனியன் துணி எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் விளங்கிவிடும். சாதாரணச் சட்டைத் துணியில் நூல்கள் நேராகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும். பனியன் துணியில் நூல் வளையம் வளையமாக, ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு ஓடும். ஸ்வெட்டரை உற்றுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். மில்லில் அதை ரோலாகச் சுற்றும்போது மெஷின் இழுத்துக்கொண்டே சுற்றுகிறது. உருண்டையாக இருக்க வேண்டிய வளையங்கள் நீண்டு ஒல்லியாகி, அப்படியே இறுக்கிச் சுற்றப்பட்டுவிடுகின்றன. ரோலுக்குள் எத்தனை நாள் இருந்தாலும் அவை அசைய முடியாது. பிரித்துப் போட்டால்தான் மெல்ல மெல்லப் பழைய உருவத்துக்குத் திரும்பும். நீளம் கொஞ்சம் குறையும், அகலம் கொஞ்சம் கூடும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். திரும்புவதற்கு முன்பே வெட்டினால், வெட்டிய துண்டாகத் திரும்பும். அவ்வளவுதான். அண்ணியின் கத்தி கடைசிவரை சரியாகத்தான் வெட்டியது. இழுபட்டு நின்ற துணியைச் சரியாக வெட்டியது.

"இத்தனை வருஷமா இது ஏன் வரல?" என்றார் அண்ணி. என்னிடம் கேட்கவில்லை, மேஜையிடம் கேட்பது போல.

அதற்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்புவரை துணி வெள்ளிக்கிழமை வரும். சனிக்கிழமை பூரா நானும் அண்ணியும் மேஜையின் இரண்டு பக்கமும் நின்று, ரோலைப் பிரித்து, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத் தளர்வாக மடித்து அடுக்குவோம். ஞாயிறு விடுமுறை. திங்கள் வெட்டு. எனக்கு அது வெட்டி வேலையாகப் பட்டது. தாங்களே சோதித்து அனுப்புவதாக மில்லில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு நாள் ஓட்டை பார்க்கிறோம், ஒரு நாள் துணி சும்மா கிடக்கிறது, இரண்டு நாள் வீண் என்று கணக்குப்போட்டு, வண்டியைத் திங்கள் காலை எட்டு மணிக்கு வரவழைத்து, ஒன்பதுக்கு மேஜையில் விரிக்கிற மாதிரி அட்டவணையை மாற்றியவள் நான். என் கணவரிடம் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

ஓட்டை பார்ப்பது என்று நாங்கள் பெயர் வைத்திருந்த வேலைக்குள் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. அதை யாரும் செய்யவில்லை, அதற்குச் சம்பளமில்லை, அதனால் பெயரும் இல்லை. பெயர் இல்லாததை நான் அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டேன்.

எடுத்தது அது ஒன்றை மட்டும்தானா என்று அன்றைக்கு யோசித்தேன். சனிக்கிழமைகளில் மேஜையின் இரண்டு பக்கமும் நின்று துணியைப் பிரிக்கும்போது எங்கள் கண்ணுக்குத்தான் வேலை. வாய் சும்மா இருக்கும். அவருடைய கண்ணாடி, என் மகளின் பரீட்சை, என் கணவர் மறந்துபோகும் சாமான்கள், யார் வீட்டில் யாருக்கு என்ன உடம்புக்கு என்று எல்லாமே அங்கேதான் பேசி முடியும். மனஸ்தாபம் ஏதாவது இருந்தாலும் இரண்டாவது ரோல் பிரிப்பதற்குள் தளர்ந்துவிடும். மூன்று மாதமாக நாங்கள் பேசியதெல்லாம் எத்தனை விரிப்பு, எத்தனை கட்டு. சனிக்கிழமை இருந்திருந்தால், நான் ஒரு தாளில் கட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போய் அவரிடம் நீட்டியிருக்க மாட்டேன். "அண்ணி, மத்தியானச் சட்டையெல்லாம் ஏன் குறையுது?" என்று கேட்டிருப்பேன். விரிப்புக்கு விரிப்பு என்ன வித்தியாசம் என்று அவர் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

"அண்ணி" என்றேன். பட்டறை என்பதை மறந்துவிட்டேன். "சனிக்கிழமைய நான்தானே நிறுத்தினேன். துணி தளர்றதுக்கு நேரம் அதுலதான் இருந்துச்சு. தப்பு உங்க கையில இல்ல. என் அட்டவணையில இருந்துச்சு. அந்தத் தாள நான் உங்ககிட்ட காட்டியிருக்கக் கூடாது."

அவர் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓரத்தைத் தட்டினார்.

"தாள் காட்டினது பரவால்ல. அதுல திங்கக்கிழமை மட்டும் ஏன் உதைக்குதுன்னு நீ என்கிட்ட கேக்கல பாரு. அதுதான்."

"கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்" என்று அவரும் சொன்னார். பிறகு, "முப்பது வருஷமா வெட்டறேன். துணி கிடந்துதான் ஆகணும்னு எனக்கும் தெரியல. கிடந்துச்சு, வெட்டினேன். அவ்வளவுதான் தெரியும். உன்ன மட்டும் சொல்லி என்ன பண்ண?" என்றார்.

"அந்தக் கம்பெனிக்கு என்ன சொல்லப்போறீங்க?"

"அவங்களும் துணிய வந்த அன்னிக்கே வெட்டறாங்களாம். போன்ல பெருமையாச் சொன்னாங்க." சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார். "அவங்க சட்டைய யாரும் இன்னும் அளந்து பாக்கல போலிருக்கு. மொதல்ல நம்ம அறுநூறு முடியட்டும், வா."

சும்மா தளரவிட்டால் போதும் என்று நினைத்தோம். அதிலும் ஒரு சறுக்கல் இருந்தது. முதல் தடவை எல்லா ரோலையும் பிரித்து ஒரே குவியலாக இடுப்பு உயரத்துக்குப் போட்டோம். மேலே இருந்தவை சரியாக வந்தன. அடியில் இருந்தவை பாதிதான் தளர்ந்திருந்தன, மேலே இருந்த பாரம் அமுக்கிவிட்டது. அண்ணி குவியலைப் பிரித்துத் தரையில் சுத்தமான போர்வைகளைப் போட்டு, சுவர் ஓரமாக எட்டுச் சிறு குவியலாக்கினார். பட்டறையில் நடக்க இடமில்லை. ரேடியோ தன் மெஷினுக்குப் போக இரண்டு குவியலைத் தாண்டிக் குதித்தார், அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

மறுநாள் வெட்டினோம். மணிக்கு ஒருமுறை அளந்தோம். அறுநூறு சட்டையும் பெட்டிக்குள் போகும்போது எதுவும் கால் சென்டிமீட்டருக்கு மேல் நகரவில்லை. மருத்துவமனை அம்மாள் போனில், "இப்ப கையைத் தூக்கலாம்" என்றார். அடுத்த ஆர்டரையும் அதே மூச்சில் சொன்னார்.

இப்போது பட்டறையில் செய்வது இதுதான். துணி எந்தக் கிழமை வந்தாலும், வந்த அன்றே நானும் அண்ணியும் மேஜையின் இரண்டு பக்கமும் நின்று அதை ரோலிலிருந்து பிரிக்கிறோம். இழுக்காமல், தளர்வாக, மடிப்பு மடிப்பாகப் போடுகிறோம். குவியல் முழங்காலுக்கு மேல் போகக் கூடாது. இருபத்து நான்கு மணி நேரம் யாரும் தொடுவதில்லை. அதற்குப் பிறகு விரித்து வெட்டுகிறோம். எழுபத்திரண்டு என்று வெட்டினால் எழுபத்திரண்டாகவே இருக்கிறது.